பழைய மாணவருக்குப் புதிய பாடம்

பல்கலைக்கழகத்துக்கும் அதில் படித்து வெளியேறியவருக்கும் இடையிலான உறவு நெடுங்காலம் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது. வசதியும் நேரமும் உள்ள சிலர் வருவார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். கட்டட நிதிக்கு ஒரு தொகை அறிவிக்கப்படும். வர முடியாதவர்களுக்கு ஆண்டு மலர் தபாலில் போகும். கடந்த 10, 15 ஆண்டுகளில் இந்த உறவுக்குள் பாடம் திரும்ப வந்திருக்கிறது. பட்டம் வாங்கி 20 ஆண்டு ஆன ஒருவர் தன் பழைய பல்கலைக்கழகம் நடத்தும் வகுப்பில் வீட்டிலிருந்தபடியே சேர்கிறார், தேர்வு எழுதுகிறார்; சில இடங்களில் அதே வகுப்பில் இளையவர்களுக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறார்.

பல்கலைக்கழகங்கள் இதில் இறங்கியதற்குப் பணம் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் சென்னை ஐஐடிக்கு அதன் பழைய மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி ரூபாய் அளித்தார். அப்படிப்பட்ட கொடை எல்லாக் கல்லூரிக்கும் வாய்க்காது. மற்றக் கல்லூரிகளைப் பழைய மாணவர் பக்கம் திருப்பியது பெரும்பாலும் நாக் மதிப்பீடு. கல்லூரிகளுக்குத் தரச் சான்று வழங்கும் அந்தக் குழுவின் அளவுகோல்களில் பழைய மாணவர் பங்களிப்புக்கென்றே தனித் தலைப்பு உண்டு. அதனால் ‘நாக் குழு வருகிறது’ என்றதும் சங்கத்தைப் பதிவுசெய்து, கூட்டம் கூட்டி, படமெடுத்துக் கோப்பில் சேர்க்கும் வேலை தொடங்கிவிடும். கோப்புக்காகத் தொடங்கிய சங்கம், குழு போனபின் நீடிப்பது கடினம். அழைக்கப்படும் மாணவருக்கு அதனால் எதுவும் கிடைப்பதில்லை என்பதுதான் அதன் அடிப்படைக் குறை. இணையவழிப் பாடம் அந்தக் குறையைத் தீர்க்கக்கூடியது. கேட்பதற்கு முன் கொடுக்கும் நிலைக்கு அது பல்கலைக்கழகத்தைக் கொண்டுவருகிறது.

ஆனால் யார் பழைய மாணவர்? இந்தியாவில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. புதுதில்லியின் கோல் மார்க்கெட்டிலிருந்து பார்த்தால் இது தெளிவாகப் புரியும். தலைநகரம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1921இல் எழுந்தது அந்தப் பன்னிரு பக்கச் சந்தைக் கட்டடம். அதைச் சுற்றி மத்திய அரசு ஊழியர்களுக்கான குவார்ட்டர்ஸ் வரிசைகள் அமைந்தன. தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயின்று, தேர்வு எழுதி, ரயிலேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தப் பகுதிதான் முதல் தில்லி. அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்காக 1923இல் தொடங்கப்பட்ட முயற்சியே இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். அதன் பள்ளிகளுள் ஒன்று பக்கத்திலேயே மந்திர் மார்க்கில் இருக்கிறது. 1916இல் திறக்கப்பட்ட லேடி ஹார்டிங் பெண்கள் மருத்துவக் கல்லூரியும் நடந்துபோகும் தொலைவில்தான்.

பள்ளிப் படிப்போடு எல்.டி.சி. எனும் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தவருக்கு விரைவில் மேலே போகப் பட்டம் உதவும். பட்டதாரிகள் மட்டுமே எழுதக்கூடிய தேர்வுகள் இருந்தன. பகலில் அலுவலகம் என்பதால் கல்லூரிக்குப் போக வழியில்லை. மாலைக் கல்லூரி எல்லோருக்கும் எட்டாது. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் தபால்வழிப் படிப்பைத் தொடங்கியபோது இவர்களைப் போன்றவர்களுக்குத்தான் கதவு திறந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் அதுவே முதல் தபால்வழிப் படிப்பு. அச்சிட்ட பாடங்கள் உறையில் வரும், விடைத்தாளை எழுதி அனுப்ப வேண்டும், விடுமுறை நாட்களில் நேரடி வகுப்பு உண்டு. கல்லூரி மாணவர் எழுதும் அதே பல்கலைக்கழகத் தேர்வு, அதே பட்டம். பின்னாளில் திறந்தநிலைக் கல்விப் பள்ளி என்று பெயர் மாறிய அந்த அமைப்பில் ஆண்டுதோறும் லட்சத்தைத் தொடும் எண்ணிக்கையில் மாணவர்கள் சேர்கிறார்கள். தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இதே வழியில் இறங்கின. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ வந்தது. ‘கரஸ்ல படிச்சேன்’ என்று சொல்லும் தலைமுறை இப்படி உருவானது.

இந்தத் தலைமுறைக்குப் பழைய மாணவர் சங்கம் என்று ஒன்று நடைமுறையில் கிடைக்கவில்லை. தில்லியில் பழைய மாணவர் உணர்வு கல்லூரியை ஒட்டியே வளர்ந்தது. செயின்ட் ஸ்டீபன்ஸ், ஹிந்து, மிராண்டா ஹவுஸ் என்று கல்லூரிப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் அடையாளம் காண்பார்கள். தபால்வழியில் படித்தவரின் கையில் பல்கலைக்கழகத்தின் பட்டம் இருக்கிறது. ஆனால் விடுதி இல்லை, வகுப்புத் தோழர் இல்லை, போய் உட்கார மரத்தடி இல்லை. அவர் மறுபடி பல்கலைக்கழகத்தின் கவுன்ட்டருக்குப் போவது டிரான்ஸ்கிரிப்ட் வாங்கவோ, சான்றிதழ் உண்மைதான் என்று எழுதி வாங்கவோதான். பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களில் மிகப் பெரிய கூட்டம் இவர்கள். படித்த நாளிலேயே தொலைவிலிருந்து படித்துப் பழகியவர்களும் இவர்களே. இணையவழிப் பாடத்தால் பழைய மாணவரை அழைக்க நினைக்கும் பல்கலைக்கழகம் முதலில் தேட வேண்டியது இவர்களைத்தான். இன்றுவரை அப்படித் தேடியதாகச் சொல்ல முடியாது.

வெளிநாட்டில் இந்த முயற்சி எதிர்த்திசையிலிருந்து, வளாகத்தில் வாழ்ந்து படித்தவர்களிடமிருந்து தொடங்கியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2001இல் தன் பாடக் குறிப்புகளை எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் திறப்பதாக அறிவித்தது. 2012இல் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தைத் தொடங்கின. சேர்ந்தவர்களைக் கணக்கெடுத்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. கல்லூரிக்குப் போக முடியாத இளைஞர்களுக்கென்று எண்ணிய வகுப்புகளில் பெரும்பாலோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். படித்தவர்தான் மறுபடி படிக்க வருகிறார் என்ற அந்த உண்மையே பழைய மாணவருக்கான இணையவழிப் பாடத்தின் அடித்தளம்.

இந்தத் துறையில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 2013இல் ஹார்வர்டில் நடந்தது. பண்டைய கிரேக்க வீரர்களைப் பற்றிப் பேராசிரியர் கிரெகரி நாஜ் பல்லாண்டு நடத்திவந்த வகுப்பு இணையத்துக்கு வந்தது. பல்லாயிரம் பேர் சேர்ந்ததால் விவாதக் குழுக்களைக் கவனிக்க ஆள் போதவில்லை. முந்தைய ஆண்டுகளில் அந்த வகுப்பில் படித்திருந்த பழைய மாணவர்களுக்குக் கடிதம் போனது. பணம் கேட்கவில்லை, புதியவர்களின் விவாதத்தை வழிநடத்தக் கொஞ்சம் நேரம் தர முடியுமா என்று கேட்டது. மறுபடி நூலைப் புரட்டவும், தான் ஒரு காலத்தில் திணறிய இடத்தில் இன்னொருவர் திணறும்போது கைகொடுக்கவும் அது வாய்ப்பானது. அடுத்த ஆண்டு பழைய மாணவருக்கென்றே தனிப் பாடத் திட்டத்தை ஹார்வர்ட் தொடங்கியது. கேட்டுவிட்டுப் போகும் காணொளியைவிட ஏற்றுச் செய்யும் வேலைதான் பழைய மாணவரைப் பிடித்து வைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சிங்கப்பூர் இன்னும் ஒரு படி போனது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2018இல் மாணவர் சேர்க்கையின் காலத்தையே மாற்றியது. சேர்ந்த நாளிலிருந்து 20 ஆண்டு வரை அந்தச் சேர்க்கை செல்லும். பட்டம் வாங்கியபின்னும் வேலைக்கு வேண்டிய பாடத்தை எடுக்கத் திரும்பி வரலாம். பழைய மாணவர் என்று தனியே ஒரு வகை அங்கே வேண்டாததாகிறது. இதற்குப் பின்னால் அரசின் கை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 25 வயது நிறைந்த குடிமக்களுக்குப் பயிற்சிக்கென 500 வெள்ளி வரவுவைக்கும் திட்டத்தை அரசு 2016இல் தொடங்கியிருந்தது. பல்கலைக்கழகத்தின் நல்லெண்ணம் மட்டும் போதாது. கட்டணத்தை யார் தருவது என்ற கேள்விக்கும் அங்கே விடை இருந்தது.

இந்தியாவில் பெரிய முயற்சி என்பிடெல். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் ஒருங்கிணைப்பில் சென்னை ஐஐடிக்குப் பெரும் பங்குண்டு. முதலில் வகுப்பறைப் பாடங்கள் காணொளியாகக் கிடைத்தன. 2014 முதல் வாரவாரம் பாடமும் ஒப்படைப்பும் உள்ள சான்றிதழ் படிப்புகள் வந்தன. படிக்கக் கட்டணம் இல்லை. மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத விரும்பினால் மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் கட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஒரு ஞானம் இருக்கிறது. இலவசமாகத் திறந்துவைத்த இணையப் படிப்புகளில் சேர்பவரில் பத்தில் ஒருவர்கூட முடிப்பதில்லை என்பது உலகெங்கும் உள்ள அனுபவம். கையிலிருந்து கொஞ்சம் பணம் கட்டி, தேதி குறித்து, மையத்தில் போய் உட்கார வேண்டும் என்றால் முடிக்கிறார்கள். 2017இல் வந்த மத்திய அரசின் ஸ்வயம் தளமும் இதே முறையைத் தேசிய அளவில் எடுத்துக்கொண்டது. என்பிடெல் படிப்புகளைக் கல்லூரி ஆசிரியர்களின் திறன் மேம்பாட்டுப் பயிற்சியாக, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ ஏற்றதும் இன்னொரு வாசல் திறந்தது. பொறியியல் படித்து, பின் ஊர்க் கல்லூரியில் ஆசிரியரானவர்கள் பெரும் எண்ணிக்கையில் மறுபடி மாணவர்களானார்கள்.

என்பிடெல்லில் ஒரு குறையும் உண்டு. அது எல்லோருக்குமான பொதுத் திட்டம் என்பதால், படிப்பவர் எந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் என்று அது பார்ப்பதில்லை. படிப்பவருக்குப் பாடம் கிடைக்கிறது, ஆனால் பழைய கல்லூரியோடு உறவு உண்டாவதில்லை. கல்லூரிகள் நினைத்தால் இதை எளிதில் சரிசெய்யலாம். ஒரே என்பிடெல் படிப்பில் சேர்ந்திருக்கும் தம் பழைய மாணவர்களை ஒரு குழுவாக்கி, துறை ஆசிரியர் ஒருவர் வாரம் ஒரு முறை அவர்களோடு பேசினால் போதும். பாடம் தயாரிக்கும் செலவே இல்லாமல் உறவு தொடரும். சிறிய கல்லூரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

பாடத்தோடு உறவையும் சேர்த்துக் கட்டிய முயற்சி சென்னை ஐஐடியின் இணையவழிப் பட்டம். 2020 ஜூனில் நிரலாக்கமும் தரவு அறிவியலும் சேர்ந்த படிப்பாகத் தொடங்கியது. நான்கு ஆண்டையும் முடிக்க முடியாதவர் இடையிலேயே சான்றிதழோடோ டிப்ளமாவோடோ வெளியேறலாம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், ஏற்கெனவே வேறு பட்டம் உள்ளவர்கள் பலர் இதில் உண்டு. வளாகத்தில் இல்லாத இவர்களை நீலகிரி, பிச்சாவரம், காசிரங்கா, கார்பெட், சுந்தரவனம் என்று காடுகளின் பெயர் கொண்ட ‘ஹவுஸ்’களாகப் பிரித்திருக்கிறார்கள். விடுதியில் கிடைக்கும் ‘நம்ம ஆள்’ என்ற உணர்வைத் தொலைவிலிருந்து உண்டாக்கும் ஏற்பாடு இது. சென்னை வளாகத்தில் இவர்களுக்கென்றே ‘பாரடாக்ஸ்’ என்ற விழாவும் நடக்கிறது. 1962இன் தபால்வழி மாணவருக்குக் கிடைக்காமல் போனது எதுவென்று இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் தெரியும். நாளை இவர்கள் பழைய மாணவராகும்போது அழைத்தால் வருவார்கள். யாரைத் தேடி வருவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மேலாண்மைக் கழகங்கள் சிலவற்றின் வழி வேறு. நீண்ட இணையவழிப் படிப்பை முடித்தவருக்குப் ‘பழைய மாணவர்’ என்ற தகுதியே படிப்போடு சேர்த்துத் தரப்படுகிறது. விளம்பரத்திலும் அது முன்னே நிற்கிறது. லட்சக்கணக்கில் கட்டணம் செலுத்துபவர் அதை எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் அந்தத் தகுதியால் நூலகமும் வேலைவாய்ப்புத் தொடர்பும் பேராசிரியரின் வழிகாட்டலும் உண்மையில் கிடைக்குமா, அல்லது மின்னஞ்சல் பட்டியலில் ஒரு பெயர் கூடுவதோடு சரியா என்பதைச் சேருமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மருத்துவக் கல்லூரிகளில் பழைய மாணவர் உறவும் பாடமும் எப்போதுமே பிரிந்ததில்லை. பட்டம் பெற்ற மருத்துவர் ஐந்து ஆண்டில் 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அதனால்தான் ஒரே பேட்ச் மருத்துவர்கள் வெள்ளி விழாவுக்குக் கூடினாலும் காலையில் பாட அரங்கு, மாலையில் குடும்ப விருந்து என்று நிகழ்ச்சி நிரல் அமைவது வழக்கம். பெருந்தொற்றுக் காலத்தில் அரங்குகள் மூடிக் கிடந்தபோது இந்த வகுப்புகள் தடையின்றி இணையத்துக்கு மாறின. பிறகும் பல அங்கேயே நின்றுவிட்டன. லேடி ஹார்டிங் போன்ற, நூறாண்டு கடந்த பெண்கள் கல்லூரிக்கு இது பெரிய வாய்ப்பு. குழந்தை வளர்ப்புக்காகவோ கணவரின் இடமாற்றத்துக்காகவோ சில ஆண்டு தொழிலை விட்டிருந்த மருத்துவர், திரும்பி வருமுன் தன் பழைய ஆசிரியரிடமே புதிய சிகிச்சை முறைகளைக் கேட்டறிய முடிந்தால் அது அவருக்கும் நோயாளிக்கும் நன்மை. மற்றத் துறைகளில் பாடத்தை விரும்பினால் எடுக்கலாம். இங்கே அது தொழிலின் கடமை என்பதால் ஆள் சேர்க்கும் கவலை இல்லை.

நடைமுறையில் இத்தகைய வகுப்புகள் நிற்பதும் விழுவதும் சின்னச் சின்ன ஏற்பாடுகளால்தான். தமிழ்நாட்டுக் கல்லூரியின் பழைய மாணவர் சிங்கப்பூரிலும் துபாயிலும் நியூஜெர்சியிலும் இருப்பார். இந்திய நேரம் சனிக்கிழமை மாலை 7.30 என்று வைத்தால் துபாயில் மாலை 6, சிங்கப்பூரில் இரவு 10, கோடைகாலத்தில் நியூஜெர்சியில் காலை 10. கிழக்கு ஆஸ்திரேலியாவில் இருப்பவருக்கு நள்ளிரவு ஆகிவிடும். அவருக்குப் பதிவு அனுப்பித்தான் ஆக வேண்டும். அழைப்பு பல்கலைக்கழக மின்னஞ்சலில் போனால் படிக்காமல் கிடக்கும். பேட்ச் வாட்ஸ்அப் குழுவில், கூடப் படித்த ஒருவர் கையால் போனால் வருவார்கள். பாடத்தை நடத்துபவர் யார் என்பதும் முக்கியம். பெயர் தெரியாத நிறுவனம் தயாரித்த பொதுப் படிப்பைவிட, மூன்றாம் ஆண்டில் வெப்ப இயக்கவியல் எடுத்த அதே பேராசிரியர் பேசும் ஒரு மணி நேரத்துக்கு இழுப்பு அதிகம். அவர் ஓய்வுபெற்றிருந்தாலும் அழைக்கலாம். இணையவழி வகுப்புக்குப் பயணம் வேண்டியதில்லை.

படிப்பை முடிக்காமல் போனவர்கள் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 2022இல் நூற்றாண்டு கொண்டாடிய தில்லிப் பல்கலைக்கழகம், ஒன்றிரண்டு தாளில் நின்றுபோனவர்கள் திரும்பி வந்து தேர்வெழுத ஒரு சிறப்பு வாய்ப்புத் தந்தது. 2021இல் அண்ணா பல்கலைக்கழகமும் 20 ஆண்டு வரை பழைய அரியர் வைத்திருந்தவர்களுக்குச் சிறப்புத் தேர்வு அறிவித்தது. இரண்டும் வரவேற்க வேண்டிய முடிவுகள். ஆனால் தேர்வை மட்டும் திறந்தால் போதாது. 15 ஆண்டுக்கு முன் கணிதத் தாளில் தோற்றவர் இன்று அலுவலகம் போய் வந்து அதே பாடத்தைத் தனியே படிக்க வேண்டியிருக்கிறது. அத்தகைய தேர்வுக்கு முன் மூன்று மாத மாலை நேர இணைய வகுப்பு ஒன்றை அதே துறை நடத்தினால், வெறும் வாய்ப்பு பட்டமாகும். அந்தப் பட்டத்தைத் தந்த பல்கலைக்கழகத்தை அவர் மறக்கவும் மாட்டார். வயதும் வேலையும் பாராமல் யாரும் ஒரு குறிப்பிட்ட பாடத்தில் சேரலாம் என்று தில்லிப் பல்கலைக்கழகம் அதே நூற்றாண்டு ஆண்டில் கொண்டுவந்த திறன் மேம்பாட்டுத் திட்டமும் நல்ல எண்ணம் கொண்டதுதான். மாணவர்களோடு வகுப்பறையில் உட்காரும் ஏற்பாடு என்பதால், பகல் வேலை பார்ப்பவருக்கு அது எட்டுவதில்லை.

சட்டம் இப்போது பெரும்பாலும் வழிவிட்டிருக்கிறது. இணையவழிப் பட்டங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் விதிகள் வகுத்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் மூலம் படிக்க 2021இல் இடம் கொடுத்தது. அதே ஆண்டு வந்த கல்வி மதிப்பெண் வங்கியில், பல இடங்களில் படித்த பாடங்களின் கிரெடிட்டுகளை ஒருவர் சேர்த்துவைக்கலாம். சேர்த்தவை ஏழு ஆண்டு வரை செல்லும். 30 வயதில் ஒரு பாடம், 33இல் இன்னொன்று என்று எடுத்து ஒரு டிப்ளமாவாக்கிக்கொள்ள இது வழி.

இதிலும் பழைய தலைமுறை வெளியேதான் நிற்கிறது. 2021–22 கல்வியாண்டு முதல் படித்தவற்றையே வங்கி கணக்கில் எடுக்கிறது. 1980களில் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்தபடி தபால்வழியில் பி.ஏ. முடித்தவரின் மதிப்பெண்கள் பதிவேட்டில் மட்டும் இருக்கின்றன. அவர் இன்று ஓய்வுபெற்று ஜனக்புரியிலோ மயூர் விஹாரிலோ தாம்பரத்திலோ இருக்கலாம். படிக்க நேரம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அவரைச் சேர்த்துக்கொள்ளப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது, தபால்வழிப் பட்டதாரிகளையும் பழைய மாணவர் பட்டியலில் சேர்ப்பது, பட்டச் சான்றைக் காட்டினால் இணைய நூலகத்துக்கும் மாலை வகுப்புகளுக்கும் அனுமதி தருவது ஆகிய மூன்றும் ஒரு பதிவாளர் அலுவலகம் தானே தொடங்கக்கூடிய வேலைகள்.